மறக்காத வளையம், சுருங்காத சிப்: மீக்கடத்திக் கணினியின் நினைவகச் சிக்கல்

கடுங்குளிரில் மின்தடையை அறவே இழந்துவிடும் பொருளுக்கு மீக்கடத்தி என்று பெயர். மீக்கடத்திக் கம்பியால் ஒரு வளையம் செய்து, அதில் ஒருமுறை மின்னோட்டத்தை ஓடவிட்டு, பிறகு மின்மூலத்தை அகற்றிவிட்டால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. மின்னோட்டம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். 1963-இல் ஃபைல், மில்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு மீக்கடத்திச் சுருளில் இப்படி ஓடும் மின்னோட்டம் எவ்வளவு மெதுவாகத் தேய்கிறது என்று அளந்து பார்த்தார்கள். அது அடங்குவதற்குக் குறைந்தது ஒரு லட்சம் ஆண்டுகளாவது ஆகும் என்று கணக்கு வந்தது. இதையே வலஞ்சுழியாக ஓடினால் 1, இடஞ்சுழியாக ஓடினால் 0 என்று வைத்துக்கொண்டால் நினைவகம் தயார். துளி மின்சாரமும் செலவழிக்காமல் தகவலைக் காத்து நிற்கும் நினைவகம்!

இந்த யோசனைக்கு ஏறத்தாழ எழுபது வயதாகிறது. இன்றுவரை எந்தக் கடையிலும் அப்படியொரு நினைவகச் சிப் விற்பனைக்கு வந்ததில்லை. மீக்கடத்திக் கணினிகள் ஏன் புழக்கத்துக்கு வரவில்லை என்று கேட்டால் பலரும் குளிரூட்டும் செலவைத்தான் முதலில் சொல்வார்கள். அந்தச் செலவு உண்மைதான். ஆனால், இந்தத் துறையின் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், பெரும்பாலும் காலை வாரிவிட்டது குளிரைவிட நினைவகம்தான் என்றே எனக்குப் படுகிறது.

முதலில், யாருக்கு இந்தக் கணினி தேவை என்பதைப் பார்த்துவிடலாம். தரவு மையங்களின் மின்கட்டணம் ஏறிக்கொண்டே போகிறது. அந்த மின்சாரத்தில் பெரும்பகுதி கணக்குப் போடுவதற்கே செலவாகிறது என்று நினைத்தால் அது தப்புக்கணக்கு. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் மார்க் ஹொரோவிட்ஸ் 2014-இல் முன்வைத்த ஓர் அட்டவணை இந்தத் துறையில் பலமுறை மேற்கோள் காட்டப்படுகிறது. 45 நானோமீட்டர் சிப்பில் இரண்டு 32 பிட் முழு எண்களைக் கூட்ட 0.1 பிகோஜூல் போதும் (ஒரு ஜூலை லட்சம் கோடியாகப் பங்கிட்டால் ஒரு பங்கு ஒரு பிகோஜூல்). அந்த எண்களை வெளியே உள்ள டி-ரேம் நினைவகத்திலிருந்து எடுத்துவர நூற்றுக்கணக்கான பிகோஜூல் ஆகிறது. அதாவது வேலைக்கு ஒரு ரூபாய் கூலி, வழிச்செலவுக்குப் பல ஆயிரம். கணிக்கும் பகுதியை எவ்வளவு சிக்கனமாக்கினாலும், நினைவகத்தைத் தொடாத சிக்கனம் பெரிய சிக்கனம் ஆகாது. இந்த ஒரு விஷயத்தை மனத்தில் வைத்துக்கொண்டு மீக்கடத்திகளிடம் போகலாம்.

1911-இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் கேமர்லிங் ஆன்ஸ் பாதரசத்தை 4.2 கெல்வினுக்கு, அதாவது சுழியத்துக்குக் கீழே 269 டிகிரி செல்சியஸுக்குக் குளிரவைத்தபோது அதன் மின்தடை காணாமல் போனது. ஆனால், மின்தடை இல்லாத கம்பியை மட்டும் வைத்துக் கணினி கட்ட முடியாது. ஓடு, நில் என்று கட்டளையிட ஒரு சுவிட்ச் வேண்டும். அந்தச் சுவிட்சை முதலில் செய்தவர் அமெரிக்காவின் எம்ஐடி லிங்கன் ஆய்வகத்தில் பணியாற்றிய டட்லி பக். 1956-இல் அவர் வெளியிட்ட 'கிரையோட்ரான்' ஒரு சின்னஞ்சிறு கம்பித் துண்டு. நேரான டான்டலம் கம்பி, அதன்மேல் சுற்றிய மெல்லிய நியோபியம் கம்பி, அவ்வளவுதான். இதில் உள்ள சாமர்த்தியம் பொருள் தேர்வில் இருக்கிறது. டான்டலம் மீக்கடத்தியாக மாறுவது 4.4 கெல்வினுக்குக் கீழே. திரவ ஹீலியம் கொதிப்பது 4.2-இல். அதாவது, ஹீலியத்தில் மூழ்கிய டான்டலம் மீக்கடத்து நிலையின் விளிம்பில் நிற்கிறது. நியோபியம் சுருளில் சிறிதளவு மின்னோட்டம் விட்டால் போதும், அதன் காந்தப்புலமே டான்டலத்தை விளிம்பிலிருந்து கீழே தள்ளிவிடும். மின்தடை திரும்பி வரும். நியோபியமோ 9 கெல்வின் வரை மீக்கடத்தி என்பதால் அசையாமல் நிற்கும். பக் 1959-இல் தம் 32-ஆவது வயதில் இறந்துபோனார். கிரையோட்ரானும் டிரான்சிஸ்டரின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் பின்தங்கியது.

துறைக்கு மறுபிறவி கொடுத்தவர் பிரையன் ஜோசப்சன். 1962-இல், கேம்பிரிட்ஜில் 22 வயது ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது, இரண்டு மீக்கடத்திகளுக்கு நடுவே சில அணுக்கள் கனமுள்ள மின்காப்புப் படலத்தை வைத்தாலும் மின்னழுத்தமே இல்லாமல் மின்னோட்டம் ஊடுருவிச் செல்லும் என்று கணித்தார். மறு ஆண்டே சோதனை அதை உறுதிசெய்தது. 1973-இல் நோபல் பரிசும் வந்தது. இந்த 'ஜோசப்சன் சந்தி' ஓர் எல்லைவரை மின்னோட்டத்தைத் தடையின்றி விடும். எல்லை தாண்டினால் மின்னழுத்தம் காட்டும். நிலை மாறுவதற்கு ஒரு சில பிகோநொடிகள்தான்.

சந்தியை ஒரு வளையத்தில் வைத்தால் இன்னொரு விசித்திரம் நிகழ்கிறது. வளையத்துக்குள் காந்தப்பாயம், அதாவது அதை ஊடுருவும் காந்தப்புலத்தின் மொத்த அளவு, இஷ்டப்பட்ட அளவில் நுழைய முடியாது, எண்ணிக்கையாகத்தான் நுழையும். ஒன்று, இரண்டு, மூன்று. ஒன்றரை கிடையாது. அந்த ஒன்றுக்குக் காந்தப்பாயக் குவாண்டம் என்று பெயர். ஒரு குவாண்டம் வளையத்துக்குள் நுழையும்போது சந்தியில் சுமார் ஒரு மில்லிவோல்ட் உயரமும் இரண்டு பிகோநொடி அகலமும் உள்ள ஒரு மின்துடிப்பு எழுகிறது. 1985-இல் மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தில் லிக்கரேவ், முகானோவ், செமனோவ் மூவரும் இந்தத் துடிப்பையே பிட்டாகக் கொண்டு முழு ஏரண (லாஜிக்) சுற்றுக் குடும்பம் ஒன்றை வகுத்தார்கள். அதன் வேகத்துக்கு ஒரு சான்று: 1999-இல் அமெரிக்காவின் ஸ்டோனி புரூக்கில் துடிப்புகளின் எண்ணிக்கையைப் பாதியாக்கும் ஓர் எளிய பிரிப்பான் சுற்று 770 கிகாஹெர்ட்ஸ் வரை ஓடியது. உங்கள் மடிக்கணினி ஐந்தைத் தாண்டினாலே விசிறி இரைச்சலிடும்.

இனி ஆற்றல் கணக்கு. 100 மைக்ரோஆம்பியர் சந்தி ஒருமுறை நிலைமாற 0.2 அட்டோஜூல் செலவாகிறது. ஒரு ஜூலை லட்சம் கோடியாகப் பங்கிட்டு, அதில் ஒரு பங்கை மேலும் பத்து லட்சமாகப் பங்கிட்டால் கிடைப்பது ஓர் அட்டோஜூல். இன்றைய சிலிக்கான் சிப்பில் ஒரு கேட் (ஏரணச் சுற்றின் அடிப்படை அலகு) தன் இணைப்புக் கம்பியோடு சேர்ந்து நிலைமாறத் தோராயமாக நூறு முதல் ஆயிரம் அட்டோஜூல் ஆகும். ஆயிரம் மடங்குக்கும் மேல் லாபம் என்று செய்தித் தலைப்புகள் துள்ளுவது இந்த இடத்தில்தான்.

துள்ளுவதற்கு முன் குளிரூட்டும் இயந்திரத்தின் ரசீதையும் பார்த்துவிட வேண்டும். 4.2 கெல்வினில் தோன்றும் ஒரு வாட் வெப்பத்தை அறை வெப்பநிலைக்கு இறைத்து வெளியேற்ற, இயற்பியல் விதிப்படியே குறைந்தது 70 வாட் வேண்டும். உலகின் மிகச்சிறந்த ஹீலியம் ஆலைகளில், உதாரணமாக ஜெனிவாவின் பெரும் ஹாட்ரான் மோதுவி என்ற துகள் முடுக்கியில், ஏறக்குறைய 230 வாட் ஆகிறது. ஆய்வகங்களில் இருக்கும் சிறிய இயந்திரங்களோ ஒன்றரை வாட்டை வெளியேற்ற ஏழு கிலோவாட் வரை குடிக்கின்றன. அதாவது வாட்டுக்கு ஐயாயிரம். ஆகவே பெரிய ஆலையில் நம் 0.2 அட்டோஜூல் 46 ஆகிறது; லாபம் மிஞ்சுகிறது. சின்ன இயந்திரத்தில் அதுவே ஆயிரமாகி, சிலிக்கானோடு சமனாகிவிடுகிறது. மீக்கடத்திக் கணினி சிறிய அளவில் கட்டுப்படியாகாது, பெரிதாகக் கட்டினால்தான் லாபம். பெரிதாகக் கட்ட வேண்டுமென்றால் நினைவகமும் பெரிதாக வேண்டும். சிக்கல் இங்கே முடிச்சு விழுகிறது.

இந்த முடிச்சில் முதலில் மாட்டிக்கொண்டது ஐபிஎம். 1960-களின் பிற்பகுதியிலிருந்து அது ஜோசப்சன் கணினிக்காகப் பெரும் பணத்தையும் ஆட்களையும் கொட்டியது. அன்றைய சந்திகள் காரீயக் கலவையால் ஆனவை. அறை வெப்பநிலைக்கும் ஹீலியத்துக்கும் இடையே ஏற்றி இறக்கும்போதெல்லாம் படலங்கள் விரிந்து சுருங்கி, சில அணுக்கள் கனமே உள்ள காப்புப் படலம் பழுதாகும். அதையும் ஓரளவு சமாளித்தார்கள். கடைசியில் கழுத்தைப் பிடித்தது வேகமான நினைவகச் சிப். அதைத் திருத்தி முடிப்பதற்குள் சிலிக்கான் எட்டிப்பிடித்துவிடும் என்று கணித்து, 1983-இல் திட்டத்தைக் கைவிட்டார்கள். காலத்தின் கேலி, அதே 1983-இல்தான் பெல் ஆய்வகத்தில் நியோபியம், அலுமினியம் ஆக்சைடு, நியோபியம் என்ற மூவடுக்குச் சந்தி வெளியானது. எத்தனை முறை குளிர்ந்து சூடேறினாலும் சளைக்காத அந்தச் சந்திதான் இன்றுவரை துறையின் முதுகெலும்பு.

நியோபியத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஜப்பான் தொடர்ந்தது. 1990-களின் நடுவில் என்இசி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 4 கிலோபிட் நினைவகம் ஒன்றைச் செய்துகாட்டினார்கள். ஒரு பிட்டை அணுக 380 பிகோநொடி. சிப் முழுவதற்கும் 9.5 மில்லிவாட். அற்புதமான எண்கள்தாம். ஆனால், ஒவ்வொரு பிட்டும் 55 மைக்ரோமீட்டர் பக்கமுள்ள சதுரத்தை அடைத்துக்கொண்டது. 4,096 பிட்டுகளுக்கு அவர்கள் இவ்வளவு பாடுபட்ட அந்தக் காலத்தில், கடையில் விற்ற ஒரு சாதாரண 16 மெகாபிட் டி-ரேம் சிப்பில் ஒரு கோடியே 67 லட்சம் பிட்டுகள் இருந்தன.

முப்பது ஆண்டுகளில் நிலைமை முன்னேறியிருக்கிறது. எம்ஐடி லிங்கன் ஆய்வகத்தின் உற்பத்தி முறையில் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட சந்திகள் கொண்ட, பிட்டுகளை வரிசையாக நகர்த்தும் நகர்வுப் பதிவகம் ஒன்று ஓடியிருக்கிறது. சதுர சென்டிமீட்டருக்கு ஒரு மெகாபிட் என்ற அடர்த்தியும் ஜோசப்சன் நினைவகங்களுக்கு எட்டும் தூரத்தில் வந்துவிட்டது. அதன் பொருள் என்ன என்று ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த அடர்த்தியில் ஒரு பிட்டுக்கு 10 மைக்ரோமீட்டர் பக்கமுள்ள சதுரம் கிடைக்கிறது. ஒரு சாதாரணக் கைப்பேசியில் இருக்கும் 8 ஜிபி நினைவகத்தை இந்த முறையில் செய்தால் ஏறக்குறைய ஏழு சதுர மீட்டர், அதாவது 74 சதுர அடி சிப் தேவைப்படும். சிப்புகள் வெட்டியெடுக்கப்படும் 12 அங்குல வட்டத் தகடுகள் (வேஃபர்கள்) நூறு. அவை அத்தனையும் திரவ ஹீலியத்தின் குளிரில் இருக்க வேண்டும். 5 நானோமீட்டர் சிலிக்கானில் ஆறு டிரான்சிஸ்டர் கொண்ட எஸ்-ரேம் என்ற வேக நினைவகத்தின் பிட் ஒன்றுக்கு 0.021 சதுர மைக்ரோமீட்டர் போதும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இடைவெளி ஏறத்தாழ ஐயாயிரம் மடங்கு.

ஏன் சுருக்க முடியவில்லை? இதுதான் விஷயத்தின் கரு என்பதால் சற்று நின்று பார்க்கலாம். வளையம் ஒரு காந்தப்பாயக் குவாண்டத்தைப் பிடித்துவைக்க வேண்டுமானால், அதன் மின்தூண்டல் எண்ணையும் (ஒரு மின்னோட்டம் அதில் எவ்வளவு காந்தப்பாயத்தை உண்டாக்கும் என்பதன் அளவு; அலகு ஹென்றி) அதில் ஓடும் மின்னோட்டத்தையும் பெருக்கினால் வரும் தொகை அந்தக் குவாண்டத்தின் அளவுக்காவது இருக்க வேண்டும். குவாண்டத்தின் அளவோ இயற்கை நிர்ணயித்தது. நாம் பேரம் பேச முடியாது. மின்னோட்டம் 100 மைக்ரோஆம்பியர் என்றால் சுமார் 20 பிகோஹென்றி வேண்டும். சிப்பின் சாதாரண உலோகக் கோட்டில் அதை எட்டப் பல பத்து மைக்ரோமீட்டர் நீளம் தேவை. வளையத்தைச் சிறிதாக்கினால் தூண்டல் குறையும். ஈடுகட்ட மின்னோட்டத்தைக் கூட்ட வேண்டும். கூட்டினால் சந்தி பெரிதாகும், செலவும் ஏறும். மாறாக மின்னோட்டத்தைக் குறைத்தால் வளையம் பெரிதாகும். அதோடு வெப்ப இரைச்சலே பிட்டைப் புரட்டிவிடும் அபாயம் வரும். எந்தப் பக்கம் இழுத்தாலும் இன்னொரு பக்கம் கிழிகிறது. டிரான்சிஸ்டருக்கு இப்படி ஒரு தளை இல்லாததால்தான் அது ஐம்பது ஆண்டுகளாகச் சுருங்கிக்கொண்டே வந்தது.

பிட்டைத் தேர்ந்தெடுக்கும் முகவரிக் கம்பிகளும் தொல்லை கொடுக்கின்றன. ஒரு பிட் தங்கும் இடத்தை அறை என்போம்; ஒரு வரிசையில் உள்ள எல்லா அறைகள் வழியாகவும் மின்னோட்டத்தைச் செலுத்த வேண்டும். இரண்டு பிகோநொடி, ஒரு மில்லிவோல்ட் துடிப்புக்கு அந்த வலு கிடையாது. அறைக்கும் கம்பிக்கும் இடையே காந்த இணைப்புத் தரும் மின்மாற்றிகளும் சிறிதாக ஆக இணைப்புத் தளர்ந்துபோகின்றன.

இன்னொரு எதிரி நம் காலடியில் இருக்கிறது. 10 மைக்ரோமீட்டர் பக்கமுள்ள அதே சதுரத்தின் வழியே பூமியின் காந்தப்புலம் சாதாரணமாக இரண்டு காந்தப்பாயக் குவாண்டங்களைச் செலுத்தும். ஒரு பிட்டுக்கு ஒரு குவாண்டம் என்றிருக்கும் இடத்தில் அழையாத விருந்தாளிகள் இருவர்! சிப் குளிர்ந்து மீக்கடத்தியாகும் தருணத்தில் இப்படிச் சிக்கிக்கொள்ளும் பாயம் அக்கம்பக்கச் சுற்றுகளின் போக்கையே மாற்றிவிடும். அதனால் சிப்பை நிக்கல்-இரும்புக் கலவைக் கவசங்களுக்குள் வைத்து, பாயம் போய் ஒதுங்குவதற்கென்றே உலோகத் தளத்தில் நீண்ட பிளவுகளை வெட்டி, மெல்ல மெல்லக் குளிர்விக்கிறார்கள். இதே வளையத்தின் இந்தக் கூருணர்வு வேறிடத்தில் வரம். ஸ்குவிட் எனப்படும் கருவியாக அது மூளையின் காந்தத் துடிப்பைக்கூட அளக்கிறது. கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் அப்படிப்பட்ட உணர்விகளை உருவாக்கியிருக்கிறார்கள். அளவைக் கருவிக்கு அழகாக இருக்கும் குணம் நினைவகத்துக்கு நோயாகிறது.

அமெரிக்க உளவுத் துறையின் ஆராய்ச்சி அமைப்பான ஐஆர்ப்பா 2014-இல் குளிர்க்கணினித் திட்டம் ஒன்றைத் தொடங்கியபோது, ஏரணச் சுற்றுகளுக்கு ஒரு பிரிவும் நினைவகத்துக்கென்றே தனியாக ஒரு பிரிவும் வைத்தது. வலி எங்கே என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அன்றிலிருந்து மூன்று வழிகள் தீவிரமாகப் பார்க்கப்படுகின்றன.

ஒன்று, பிட்டைக் காந்தத்தில் வைப்பது. ஜோசப்சன் சந்தியின் நடுவே மெல்லிய காந்த அடுக்குகளைச் செருகினால், அவற்றின் காந்தத் திசையைப் பொறுத்துச் சந்தியின் நடத்தை நேர்மாறாகப் புரளும். இப்படி ஒரு சந்தி சாத்தியம் என்று 1977-இல் சோவியத் கோட்பாட்டாளர்கள் கணித்தார்கள். 2001-இல் ரஷ்யாவின் செர்னகலோவ்காவில் ரியாசனோவ் குழு செய்துகாட்டியது. 2018-இல் நார்த்ராப் குரூமன் நிறுவனம் அதை வைத்து ஒரு நினைவக அறையை இயக்கியது. குவாண்டத்தைப் பிடித்துவைக்கும் பொறுப்பு வளையத்திடமிருந்து நீங்குவதால் அறை சுருங்க வழி பிறக்கிறது. ஆனால் காந்தத்தைப் புரட்ட ஆகும் ஆற்றல் சந்தியின் சிக்கனத்தை விழுங்கப் பார்க்கிறது. எழுதும் வேகமும் குறைவு.

இரண்டாவது வழி சமரசம். நினைவகத்தைச் சிலிக்கானிலேயே வைத்து அதையும் 4 கெல்வினுக்குக் கொண்டுபோவது. பெர்க்லியின் வான் டூசர் குழுவும் யோகஹாமா தேசியப் பல்கலைக்கழகமும் 64 கிலோபிட் அளவில் இதைச் செய்துகாட்டின. அடர்த்தி கிடைக்கிறது. ஆனால் மில்லிவோல்ட் பேசும் சந்திக்கும் வோல்ட் பேசும் டிரான்சிஸ்டருக்கும் இடையே ஒவ்வொரு கம்பியிலும் ஒரு பெருக்கி உட்கார வேண்டும். மிச்சம்பிடித்த ஆற்றலின் பெரும்பங்கு அந்த மொழிபெயர்ப்புக்கே போய்விடுகிறது.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது: சந்தியையே தூக்கிப் போட்டுவிட்டு வெறும் மெல்லிய கம்பியை நம்புவது. நியோபியம் நைட்ரைடு போன்ற பொருளைச் சில நானோமீட்டர் கனத்தில் படிவித்து மெல்லிய கீற்றாக வெட்டினால், அதில் ஓடும் எலக்ட்ரான் இணைகளின் சடத்துவமே பெரிய தூண்டலாக வேலைசெய்கிறது. காந்தப்புலத்தைச் சேமிக்கப் பெரிய வளையம் தேவையில்லை; நீளமான கம்பியும் தேவையில்லை. மேலே சொன்ன தளை இங்கே வெகுவாகத் தளர்கிறது. எம்ஐடியில் கார்ல் பெர்க்ரென் குழு இந்த வழியில் 4-க்கு 4 என்ற வரிசை-நிரல் அமைப்பைக் கட்டியிருக்கிறது. ஒவ்வொரு அறையிலும் ஒரு வளையம், இரண்டு நானோகம்பிச் சுவிட்சுகள், ஒரு தூண்டல் கீற்று. அடர்த்தி சதுர சென்டிமீட்டருக்கு 2.6 மெகாபிட், இயங்குவது 1.3 கெல்வினில். மொத்தம் 16 பிட்டுதானா என்று சிரிக்க வேண்டாம். இங்கே முக்கியம் எண்ணிக்கை அன்று. ஒரு வரிசைக் கம்பியையும் ஒரு நிரல் கம்பியையும் வைத்து, பக்கத்து அறைகளைக் கலைக்காமல் ஒரே ஒரு அறையைத் தொட முடிந்தது என்பதே. குறையும் வெளிப்படையானது: அங்கே கிடைத்த மிகக் குறைந்த பிழை விகிதமே லட்சத்துக்கு ஒன்று. நொடிக்கு நூறு கோடி முறை படிக்கும் கணினியில் அது நொடிக்குப் பத்தாயிரம் பிழைகள்.

நினைவகம் முழுவதையும் 4 கெல்வினில் வைத்தாக வேண்டும் என்பதும் கட்டாயமில்லை. பெல்ஜியத்தின் ஐமெக் ஆய்வு மையத்தில் இருந்தபோது அன்னா ஹெர், குவென்டின் ஹெர் இருவரும் முன்வைத்த வடிவமைப்பில், கணிக்கும் சிப்புகளும் அவற்றின் அருகே சிறிதளவு வேகமான நினைவகமும் மட்டும் 4 கெல்வினில் இருக்கும். பெரிய டி-ரேம் 77 கெல்வினில், அதாவது திரவ நைட்ரஜன் குளிரில், கண்ணாடிப் பாலம் வழியாக இணைந்திருக்கும். 77 கெல்வினில் ஒரு வாட்டை வெளியேற்ற ஏறக்குறைய பத்து வாட் போதும். அங்கே டி-ரேமின் மின்கசிவும் குறைவதால் அடிக்கடி புதுப்பிக்க வேண்டியதில்லை. காகிதத்தில் அழகான ஏற்பாடு. ஆனால், முன்பு பார்த்த வழிச்செலவுப் பிரச்சினை இங்கே வேறு வேடத்தில் திரும்புகிறது: 77-இலிருந்து 4-க்கு இறங்கும் ஒவ்வொரு கம்பியும் தகவலோடு வெப்பத்தையும் கொண்டுவருகிறது.

ஆகவே மீக்கடத்தி நினைவகம் முதலில் வாழப்போகும் இடம் தரவு மையம் என்று நான் நம்பவில்லை. அதற்கு முன்பே குவாண்டம் கணினிகளின் வாசலில் அதற்கு வேலை காத்திருக்கிறது. கூகுள், ஐபிஎம் போன்றவற்றின் குவாண்டம் சிப்புகள் ஜோசப்சன் சந்திகளால் ஆனவை. இந்தச் சந்திச் சுற்றுகளில் 1980-களில் நடந்த அடிப்படைச் சோதனைகளுக்காகத்தான் கிளார்க், டெவொரே, மார்டினிஸ் மூவருக்கும் 2025-ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் கிடைத்தது. அந்தக் கணினிகளில் ஒவ்வொரு கியூபிட்டுக்கும் (குவாண்டம் கணினியின் பிட்) அறை வெப்பநிலையிலிருந்து தனித்தனிக் கம்பி இறங்குகிறது. ஆயிரத்துக்குச் சமாளிக்கலாம், பத்து லட்சத்துக்கு முடியாது. கட்டுப்படுத்தும் சுற்றையும் பிழை திருத்தும் சுற்றையும் 4 கெல்வின் தளத்திலேயே வைத்துவிட்டால் கம்பிகள் குறையும். அங்கே குளிருக்கான செலவு ஏற்கெனவே செய்தாகிவிட்டது. நினைவகமும் ஜிகாபிட் கணக்கில் வேண்டாம். துடிப்பு வடிவங்களையும் பிழை அட்டவணைகளையும் வைத்துக்கொள்ளச் சில நூறு கிலோபிட் கிடைத்தாலே தொடங்கிவிடலாம். ஒரு சதுர சென்டிமீட்டருக்குள் அடங்கும் அளவு அது. பிழை விகிதத்தை இன்னும் பல படிகள் இறக்கிக் காட்டும் முதல் கிலோபிட் நானோகம்பி நினைவகத்துக்காகத்தான் நான் காத்திருக்கிறேன்.